ரேம் கூட்டினால் கம்ப்யூட்டர் வேகமாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவானால் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது "ரேம் போடுங்க" என்பதுதான். சில வீடுகளில் அது சரியான யோசனை. பல வீடுகளில் பணம் செலவான பிறகும் கம்ப்யூட்டர் முன்பு போலவே திணறுகிறது. பிள்ளைகளின் படிப்புக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால், தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் விண்டோஸ்தான் இருக்கிறது என்பதால் பதில்களும் அதை வைத்தே இருக்கும்.

ஹார்டு டிஸ்க்லயே 500 ஜிபி காலியா கிடக்கு. அப்புறம் எதுக்கு தனியா ரேம்?

இரண்டையும் ஜிபியில் அளப்பதால் வரும் குழப்பம் இது. ஹார்டு டிஸ்க்கிலோ, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கிலோ வைத்தது கரண்ட் போனாலும் அப்படியே இருக்கும். ரேமில் இருப்பது கம்ப்யூட்டரை அணைத்ததும் போய்விடும். நீங்கள் எக்செல்லைத் திறந்தால் அது டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு வருகிறது. பிராசஸர் ரேமில் இருப்பதை எடுத்துத்தான் வேலை செய்யும், டிஸ்க்கில் இருப்பதை நேரடியாகத் தொடாது.

வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ நொடி ஆகும். எஸ்எஸ்டிக்குச் சுமார் 100 மைக்ரோ நொடி, சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குச் சுமார் 10 மில்லி நொடி. ரேம் எடுக்கும் நேரத்தை ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டிக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு முழு நாள் போதாது. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், கீழே அடிக்கடி தேவைப்படும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. ரேம் கூட்டினா வேகம் கூடுமா, கூடாதா?

இப்போது இருப்பது பத்தாவிட்டால் கூடும். போதுமான அளவு ஏற்கெனவே இருந்தால் கூடாது.

ரேம் நிரம்பியதும் விண்டோஸ் நின்றுவிடுவதில்லை. விண்டோஸ் 10 முதல், அதிகம் பயன்படாத பகுதிகளை முதலில் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கிறது. அதற்கும் இடம் போதாதபோது, கொஞ்ச நேரமாக நீங்கள் தொடாத பகுதிகளை டிஸ்க்கில் பேஜ்ஃபைல் என்ற கோப்புக்குத் தள்ளுகிறது. நீங்கள் அந்த ஜன்னலுக்குத் திரும்பும்போது அதை மறுபடி டிஸ்க்கிலிருந்து இழுத்துவர வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி அது எவ்வளவு பெரிய காத்திருப்பு என்று பாருங்கள். மவுஸ் நகரும், ஆனால் கிளிக் செய்தால் எதுவும் நடக்காது. திரை வெளுத்து நிற்கும். டிஸ்க் விளக்கு விடாமல் மின்னும்.

ரேம் கூட்டுவது இந்தக் காத்திருப்பைத்தான் நீக்குகிறது. பிராசஸரை அது வேகமாக்காது. அதனால்தான் 4 ஜிபியிலிருந்து 8 ஜிபிக்குப் போனவர் புது மெஷின் வாங்கியது போல இருக்கிறது என்கிறார். 16 ஜிபியிலிருந்து 32 ஜிபிக்குப் போனவர், முன்பு 9 ஜிபிக்கு மேல் பயன்படுத்தியதே இல்லை என்றால், எந்த மாற்றத்தையும் உணர மாட்டார்.

எனக்கு ரேம் பத்தலைன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? கடைக்காரர் சொல்றதை நம்பலாமா?

நீங்களே பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். முக்கியமானது என்னவென்றால், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது பார்க்கக் கூடாது. வழக்கமாகச் செய்கிற எல்லா வேலையையும் திறந்து வைத்து, அது திணறுகிற நேரத்தில் பார்க்க வேண்டும். பையனுக்கு ஆன்லைன் வகுப்பு நடக்கும்போதுதான் திணறுகிறது என்றால் அந்த நேரத்தில்தான்.

அப்போது மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, கூடவே டிஸ்க்கும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ரேம் பற்றாக்குறைதான். மெமரி 60 சதவீதத்தில் இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 என்றால் குற்றவாளி டிஸ்க். சிபியு 100 என்றால் பிராசஸருக்கு வேலை அதிகம், ரேம் வாங்கிப் பயனில்லை. அதே பக்கத்தில் கமிட்டட் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், திறந்திருக்கும் எல்லாமும் சேர்ந்து கேட்டிருக்கும் மொத்த நினைவகம். அது உங்கள் ரேம் அளவை விட நன்றாகத் தாண்டியிருந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒண்ணுமே திறக்கலை, ஆனா பாதி ரேம் போயிருக்கு. வைரஸா இருக்குமோ?

பெரும்பாலும் இல்லை. விண்டோஸ், வைரஸ் தடுப்பு, ஸ்டார்ட் ஆகும்போதே தானாக ஓடும் நிரல்கள் எல்லாம் சேர்ந்தே 3 முதல் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி மெஷினில் அது பாதிதானே. இன்னொன்று, ரேம் அதிகமிருந்தால் விண்டோஸ் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் அடிக்கடி திறப்பவற்றை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. இது 2007-இல் வந்த விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் கேஷ்டு என்று காட்டுவது அந்த மாதிரி இடம். உங்களுக்குத் தேவை வந்ததும் அது உடனே விடுவிக்கப்படும், அதனால் கவலை வேண்டாம்.

தானாக ஓடும் நிரல்களைக் குறைப்பது மட்டும் நல்லது. டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை முடக்கி வையுங்கள். பிரிண்டர் கம்பெனி, லேப்டாப் கம்பெனி கொடுத்த உதவி நிரல்கள், எப்போதோ ஒரு முறை தேவைப்படும் மீட்டிங் நிரல்கள் எல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

சரி, எத்தனை ஜிபி இருந்தா போதும்?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது இன்ஸ்டால் ஆவதற்கான அளவு, நிம்மதியாக வேலை செய்வதற்கான அளவு இல்லை. 4 ஜிபியில் பிரவுசரும் வீடியோ வகுப்பும் ஒன்றாக ஓடினாலே பேஜ்ஃபைல் வேலை ஆரம்பித்துவிடும். பிரவுசர், வேர்டு, எக்செல், டாலி, வீடியோ வகுப்பு, படம் பார்ப்பது என்று போகிற வீட்டுக்கு 8 ஜிபியில் ஓட்டலாம். ஆனால் இன்று புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் 16 ஜிபி வாங்குங்கள் என்பதே என் கருத்து, அதுவும் பிறகு கூட்ட முடியாத லேப்டாப்பாக இருந்தால் கட்டாயம். அந்த மெஷின் ஐந்தாறு வருடம் உழைக்க வேண்டும், அதற்குள் பிரவுசரும் விண்டோஸும் இன்னும் கனமாகும்.

இப்போது வருகிற பெரிய கேம்கள், ஃபோட்டோஷாப், கல்லூரிப் பிள்ளைகள் ஓட்டும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இதற்கெல்லாம் 16 வேண்டும். 4கே வீடியோ எடிட்டிங், ஒரே நேரத்தில் பல விர்ச்சுவல் மெஷின், பெரிய கட்டட வரைபட வேலை என்றால் 32. அதற்கு மேல் தேவைப்படுகிறவருக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது.

அரசு கொடுத்த பழைய லேப்டாப், 2 ஜிபிதான். தூக்கிப் போடவா?

போட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தக் காலத்து மெஷின்களை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது, அதில் ரேம் மட்டுமே பிரச்சினை இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லுபுன்டு போன்ற இலகுவான லினக்ஸ் (இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு இயங்குதளம்) போட்டால் கடிதம் அடிக்கவும் தமிழ்த் தட்டச்சு பழகவும் நன்றாகவே உதவும். பழைய 2 ஜிபி ரேம் எங்கேயாவது கிடைத்து மொத்தம் 4 ஜிபி ஆக்க முடிந்தால் அந்த லினக்ஸில் பிரவுசரும் ஓரளவு ஓடும்.

8 ஜிபி போட்டுத்தான் பில் வாங்கினேன். 5.9 தான் யூஸ் ஆகும்னு காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

அநேகமாக இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்களில், பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதிக்கென்று சொந்த நினைவகம் கிடையாது. அது உங்கள் ரேமிலிருந்தே ஒரு பங்கை ஒதுக்கிக்கொள்ளும். ஏஎம்டி ரைசன் லேப்டாப்புகளில் இந்தப் பங்கு 2 ஜிபி வரை இருப்பது சாதாரணம். டாஸ்க் மேனேஜரில் ஹார்டுவேர் ரிசர்வ்டு என்று அந்த அளவு தெரியும். சில மெஷின்களில் பயாஸ் அமைப்பில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மெஷினின் அடிப்படை அமைப்பு) அதைக் குறைக்கலாம். 8-க்கு 7.8 அல்லது 7.7 என்று காட்டினால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

3.2, 3.4 என்ற அளவில் காட்டினால் கதை வேறு. 32-பிட் விண்டோஸ் போட்டிருக்கிறார்கள். 32 பிட்டில் எண்ண முடிகிற முகவரிகள் மொத்தமே 4 ஜிபிக்குத்தான் வரும், அதிலும் ஒரு பகுதி மற்ற பாகங்களுக்குப் போய்விடும். எத்தனை ஜிபி ரேம் செருகினாலும் பயன் இல்லை. பிராசஸர் 64-பிட் என்றால் 64-பிட் விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும்.

எல்லா ரேமையும் குரோம்தான் தின்னுதாமே?

நிறைய எடுக்கும் என்பது உண்மை, ஆனால் காரணத்தோடுதான். 2008-இல் வந்தபோதே குரோம் டேப்களைத் தனித்தனி வேலையாகப் பிரித்து ஓட்டும்படி அமைக்கப்பட்டது. ஒரு தளம் தொங்கினால் மற்றவை பிழைக்கும், ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலை எட்டிப் பார்ப்பதும் கடினம். அந்தப் பாதுகாப்புக்கான விலைதான் ரேம். எட்ஜும் அதே அடித்தளத்தில் கட்டப்பட்டதுதான்.

குரோம் அமைப்பில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவர் இருக்கிறது. அதை இயக்கினால் வெகுநேரம் தொடாத டேப்களை ரேமிலிருந்து இறக்கிவிடும். எட்ஜில் இதே வேலையை ஸ்லீப்பிங் டேப்ஸ் செய்யும். பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். 4 ஜிபி மெஷினில் இந்த இரண்டுமே கண்கூடாக உதவும்.

கையில ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு. ரேமா, எஸ்எஸ்டியா?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதற்கு நான் அதிக முக்கியத்துவம் கொடுக்கிறேன், ஏனென்றால் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். மெஷினில் இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது, ரேம் 8 ஜிபி இருக்கிறது என்றால் யோசிக்காமல் எஸ்எஸ்டி. ஆன் செய்து டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் தயாராகவில்லை என்று புலம்புகிற பெரும்பாலான வீட்டில் பிரச்சினை டிஸ்க்தான். ஆன் ஆவது, நிரல் திறப்பது, அப்டேட் ஏறுவது எல்லாமே டிஸ்க் வேலை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்குச் சுமார் 550 எம்பி படிக்கும். ஹார்டு டிஸ்க் 100 முதல் 200 எம்பி வரை, அதுவும் கோப்பு வரிசையாக இருந்தால். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடும்போது நொடிக்கு 1 எம்பி அளவுக்குக்கூட இறங்கிவிடும். விண்டோஸ் நாள் முழுக்கச் செய்வது அந்தச் சிதறிய வேலையைத்தான்.

4 ஜிபி ரேமும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள மெஷினுக்கும் முதலில் எஸ்எஸ்டியையே சொல்வேன். ரேம் நிரம்பி பேஜ்ஃபைலுக்குப் போனாலும் அது இருக்கும் டிஸ்க் வேகமானதாக இருந்தால் வலி குறையும். முதல் பதிலில் சொன்ன ஒரு நாளுக்கும் கால் மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. அடுத்த முறை காசு சேர்ந்ததும் ரேமை 8 ஆக்குங்கள். எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது, ரேம்தான் 4 என்றால் கேள்வியே இல்லை, ரேம்.

எந்த ரேம் வாங்கணும்? கடையில டிடிஆர்3, டிடிஆர்4ன்னு என்னென்னமோ கேக்குறாங்க.

அவை தலைமுறைகள். ஒரு மதர்போர்டு தன் தலைமுறை ரேமைத்தான் ஏற்கும், பொதுவாக வேறு எதையும் ஏற்காது. டிடிஆர்4 கடைகளுக்கு வந்தது 2014-இல், டிடிஆர்5 தரம் வெளியானது 2020-இல். ரேம் பட்டையின் செருகும் விளிம்பில் இருக்கும் பள்ளம் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. வலுக்கட்டாயமாக அழுத்தினால் ரேம் செருகும் ஸ்லாட் உடையும். டெஸ்க்டாப்புக்கு நீளமான பட்டை, லேப்டாப்புக்கு அதில் பாதி நீளம்.

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகம், பட்டை வகை, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் சிபியு-இசட் என்ற நிரல் தலைமுறையையும் சொல்லிவிடும். இருப்பதைக் கழற்றி கையோடு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. டிடிஆர்3 காலத்து லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல மெஷின்களுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல்தான் வேண்டும், 1.5 வோல்ட் சாதாரண டிடிஆர்3 போட்டால் ஆன் ஆகாது.

ஏற்கெனவே 4 ஜிபி இருக்கு. அதோட 8 சேர்த்தா ஒத்துக்குமா? இல்ல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணுமா?

ஒரே தலைமுறை என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வேகம் வேறு வேறாக இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். வாங்கும்போதே "சேரலைன்னா மாத்திக்கலாமா" என்று கேட்டு வையுங்கள், சில ஜோடிகள் காரணமே இல்லாமல் முரண்டு பிடிக்கும்.

ஒரே மாதிரி இரண்டு போடுவதில் ஒரு லாபம் உண்டு. இரண்டு பட்டைகளையும் பிராசஸர் ஒரே நேரத்தில் இரண்டு பாதையாகப் படிக்கும். 3200 வேகத்து டிடிஆர்4 ஒரு பட்டை நொடிக்கு 25.6 ஜிபி வரை தரும், ஜோடியாக 51.2. எக்செல்லிலும் பிரவுசரிலும் இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் ஆடுகிறவர்களுக்கு இதுதான் மிகப் பெரிய மாற்றம், ஏனென்றால் 5.9 ஜிபி கேள்விக்குச் சொன்னது போல கிராஃபிக்ஸும் அதே ரேமில்தான் ஓடுகிறது. 4-உடன் 8 சேர்த்தாலும் பெரும்பாலான மெஷின்களில் முதல் 8 ஜிபி ஜோடியாக ஓடும், மீதி 4 தனியாக ஓடும். அதனால் பழைய 4-ஐக் கழற்றி எறிய வேண்டாம்.

3200 ரேம் வாங்கினேன். 2400ன்னு காட்டுது, ஏன்?

டெஸ்க்டாப் என்றால் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கிப் பாருங்கள். அது இல்லாமல் பல ரேம்கள் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். லேப்டாப் என்றால் உங்கள் பிராசஸரின் உச்ச வேகமே 2400 ஆக இருக்கலாம், அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. 8 ஜிபி பத்தாதவருக்கு 3200 வேகத்து 8 ஜிபியை விட 2400 வேகத்து 16 ஜிபிதான் உதவும்.

புது லேப்டாப்தான், ஆனா ரேம் கூட்டவே முடியாதுன்னுட்டாங்க. உண்மையா?

உண்மையாக இருக்கலாம். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். இடமும் பேட்டரியும் மிச்சமாகும், ஆனால் வாங்கும் நாளில் இருப்பதோடு கடைசிவரை இருக்க வேண்டும். ஆப்பிளின் எம்1 முதலான மெஷின்கள் எல்லாமே அப்படித்தான். 8 ஜிபியே போதும் என்று சொல்லிவந்த ஆப்பிள்கூட 2024 அக்டோபரில் மேக்புக்குகளின் தொடக்க அளவை 16 ஜிபி ஆக்கியது. வாங்கும் முன் "எத்தனை ஸ்லாட், எத்தனை காலி, அதிகபட்சம் எவ்வளவு" என்ற மூன்றையும் மாடல் எண்ணை வைத்துக் கம்பெனி தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ரேம் பூஸ்டர் சாஃப்ட்வேர் போட்டா போதுமாமே? பேஜ்ஃபைலை ஆஃப் பண்ணினாலும் வேகமாகுமாமே?

இரண்டும் வேண்டாம். பூஸ்டர் செய்வது, ரேமில் இருப்பதை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளிவிட்டு, காலி இடம் கூடியதாக எண் காட்டுவது. தள்ளியதையெல்லாம் அடுத்த நிமிடம் டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். பேஜ்ஃபைலை நிறுத்தினால் ரேம் தீரும் நொடியில் டிஸ்க்குக்குத் தள்ள வழியில்லாமல் நிரல்கள் மூடிக்கொள்ளும், சேமிக்காத வேலை போய்விடும். அதை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்.

போன்லயே 16 ஜிபி ரேம் இருக்கு, லேப்டாப்புக்கு 8 போதுங்கறீங்களே?

பெட்டியில் 8+8 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது 8 உண்மையான ரேம் கிடையாது. போனின் சேமிப்பிடத்திலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கி ரேம் என்று எண்ணிக்காட்டுகிறார்கள். மேலே பார்த்த பேஜ்ஃபைல் வேலைதான் அது, உங்கள் லேப்டாப்பில் அதை யாரும் ரேம் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரேம் போட்டதிலிருந்து திரையே வரலை. சில நேரம் நீலத் திரை வருது.

திரையே வராவிட்டால் பெரும்பாலும் பட்டை முழுதாக உட்காரவில்லை. கரண்டைத் துண்டித்து, லேப்டாப் என்றால் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, கழற்றி மறுபடி கிளிப் சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பொன்னிற முனைகளைக் கையால் தொட வேண்டாம். ஒவ்வொரு பட்டையாகத் தனியே போட்டுப் பார்த்தால் எது கெட்டது என்பது தெரிந்துவிடும். டிடிஆர்5 மெஷினில் ரேம் மாற்றியபின் முதல் முறை ஆன் ஆகச் சில நிமிடங்கள்கூட ஆகலாம், பதறி அணைத்துவிடாதீர்கள்.

நீலத் திரை வந்தால் விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னஸ்டிக்கை ஓட்டுங்கள். இன்னும் கறாராகச் சோதிக்க மெம்டெஸ்ட்86 இருக்கிறது, அதைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கெட்ட ரேம் கோப்புகளை உங்களுக்குத் தெரியாமலே கெடுக்கும்.

இப்ப ஏன் ரேம் விலை இப்படி ஏறிக் கிடக்கு? பழசு வாங்கலாமா?

2025-இன் கடைசி மாதங்களில் விலை வேகமாக ஏறியது. ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு நினைவகம் ஏராளமாகத் தேவைப்படுவதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு குருஷியல் என்ற பெயரில் விற்றுவந்த தொழிலையே நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. தேவையா என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிட்டு வாங்குவது முன்பைவிட இப்போது இன்னும் அவசியம்.

பழைய ரேம் தாராளமாக வாங்கலாம். எஸ்எஸ்டி போல எழுத எழுதத் தேயும் பொருள் இல்லை இது. டிடிஆர்3 தேடுகிறவர்களுக்குச் சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் பழையதுதான் வழி. மாற்றிக்கொடுக்கும் உறுதி வாங்கிக்கொண்டு, அன்று இரவே மெம்டெஸ்ட்86 ஓட்டிவிடுங்கள்.

16 ஜிபி போட்டாச்சு, எஸ்எஸ்டியும் இருக்கு. இன்னும் ஸ்லோதான். என்ன பண்றது?

முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றில்லை. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் மெஷினில் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸின் உள்பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்து மறுநாள் அப்படியே ஏற்றும். ஏதாவது ஒரு டிரைவர் (பிரிண்டர் போன்ற பாகங்களை இயக்கும் நிரல்) ரேமை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அதுவும் கூடவே திரும்ப வரும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதன் பிறகும் மெதுவாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் மெமரி தலைப்பைக் கிளிக் செய்து, எந்த நிரல் நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகிறது என்று பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால் அதற்கு எத்தனை ஜிபி கொடுத்தாலும் தின்றுவிடும், அப்டேட் செய்யுங்கள் அல்லது நீக்குங்கள். எதுவும் ஏறவில்லை, ஆனால் மெஷின் சூடாகி ஃபேன் அலறுகிறது என்றால் தூசிதான். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து சுத்தம் செய்து, பிராசஸர் மேல் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.